ஏணியும் இறக்கமும்



கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்திலே பிரயாணஞ் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நானுஓயாவைக் கடந்து பட்டிப்பொலை வரையில் வண்டி மூச்சு வாங்கி ஏறிக்கொண்டே போகிறது. அங்கே, கடல் மட்டத்துக்கு மேல் 6,200 அடிக்கும் அதிகமான உயரத்தில், பாதையின் உச்சி இருக்கிறது. அதன் பின்னர் அப்புத்தளை, பண்டாரவளை என்று ஊவாவை நோக்கி இறக்கம் தொடங்குகிறது. தெமோதரையை அடைந்ததும் ஒரு வேடிக்கை நிகழ்கிறது. நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி மலையைச் சுற்றி வளைந்து, சற்று முன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலே, சுரங்கத்தினூடாகப் புகுந்து வெளிப்படுகிறது. 1924ஆம் ஆண்டில் பதுளை வரை திறக்கப்பட்ட இந்தப் பாதையை அமைத்தவர்கள் இறக்கத்தை ஒரு குறையாகக் கொள்ளவில்லை. ஊர் போய்ச் சேர்வதற்கு ஏற்றம் எவ்வளவு தேவையோ, இறக்கமும் அவ்வளவு தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆன்மாவின் ஏற்றத்தைப் பற்றிப் பேசும் ஞானிகள் உலகின் பல சமயங்களிலும் உளர். அவர்களுள் இறக்கத்தைப் பற்றியும் அதே அளவு கருத்தோடு சிந்தித்தவர்கள் யூத மறைஞானிகள். யூத ஞானிகளுக்கும் பதுளைத் தோட்டங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வினவலாம். இரத்த சம்பந்தம் ஒன்றும் இல்லை; கேள்வியிலேதான் சம்பந்தம். பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்ந்து, பிறர் நிலத்தில் உழைத்து, நாளைக்கு இங்கே நமக்கு இடமுண்டோ இல்லையோ என்று அஞ்சி வாழும் ஒரு மனிதனுக்கு வானத்தை எட்டும் ஏணி ஒன்று உண்டா? இதுவே அந்தக் கேள்வி.

ஏணி என்ற உருவகமே அத்தகைய ஒரு மனிதனின் கனவிலிருந்து வந்ததாகும். யூதரின் வேதத்து முதல் நூலிலே, கிறிஸ்தவர்களும் போற்றும் ஆதியாகமத்திலே, யாக்கோபு என்பவனின் வரலாறு வருகிறது. தமையனுடைய கோபத்துக்கு அஞ்சி வீட்டைவிட்டு ஓடுகிறான். வழியிலே பொழுது சாய்ந்துவிடுகிறது. பாயும் இல்லை, தலையணையும் இல்லை. ஒரு கல்லைத் தலைக்கு வைத்து உறங்குகிறான். அப்பொழுது, பூமியிலே ஊன்றி வானத்தைத் தொட்டு நிற்கும் ஓர் ஏணியைக் கனவிலே காண்கிறான். தேவதூதர்கள் அதிலே ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். விழித்தெழுந்தவன் என்ன செய்கிறான் தெரியுமா? தலைக்கு வைத்த அந்தக் கல்லையே நட்டு, அதன்மேல் எண்ணெய் வார்த்து, இது தெய்வத்தின் இல்லம் என்கிறான்.

நேயர்களே, இந்தக் காட்சியை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து காடு கடந்து, கடல் கடந்து, கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் இம்மலைகளுக்கு வந்த நம் முன்னோர், முதலில் கோபுரமா கட்டினார்கள்? மரத்தடியிலே ஒரு கல்லை நட்டார்கள்; எண்ணெயும் மஞ்சளும் சாத்தினார்கள்; மாரியம்மா என்று அழைத்தார்கள். இன்று தோட்டந்தோறும் நிற்கும் கோயில்கள் பலவற்றின் தொடக்கம் அத்தகைய ஒரு கல்லே.

யாக்கோபு அங்கிருந்து போய்ச் செய்தது என்ன? தன் மாமனுடைய மந்தையை மேய்க்கும் கூலியானான். ஏழாண்டு, பின்னும் ஏழாண்டு, அதன்மேல் ஆறாண்டு, ஆக இருபது ஆண்டுகள் உழைத்தான். மாமன் தன் கூலியைப் பத்து முறை மாற்றினான் என்று அவன் முறையிடுவதை அந்த நூலே குறித்திருக்கிறது. ஆகவே, ஏணியைக் கண்டவன் மாளிகையில் இருந்த முனிவன் அல்லன்; கூலிக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் ஏதிலி.

யூத உரையாசிரியர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கண்டார்கள். தேவதூதர்கள் வானத்தவர் ஆயிற்றே. முதலில் இறங்கி, பிறகுதானே ஏறவேண்டும்? ஏறினார்கள், இறங்கினார்கள் என்று நூல் மாற்றிச் சொல்வானேன்? 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராஷி என்னும் பேருரையாசிரியர் இதற்கு ஒரு விடை தந்தார். யாக்கோபின் சொந்த நாட்டிலே அவனோடு துணைவந்த தூதர்கள் எல்லையோடு மேலேறிச் சென்றார்கள். அந்நிய நாட்டிலே அவனுக்குத் துணையாக இருக்கவேண்டிய வேறு தூதர்கள் இறங்கி வந்தார்கள் என்பதே அவ்விடை. அந்நிய மண்ணிலே காலை வைப்பவனுக்கு அந்த மண்ணிலும் துணையுண்டு என்பது இதன் கருத்து.

இந்த எண்ணம் அவர்களுடைய சரித்திரம் முழுவதிலும் தொடர்ந்து வருகிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டிலே, பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் நடுவே, ஓர் ஆற்றங்கரையிலே இருந்த எசேக்கியேல் என்ற தீர்க்கதரிசி, இறைவனின் தேர்போன்ற சிம்மாசனத்தைக் கண்டார். எருசலேம் ஆலயத்திலே காணவேண்டிய காட்சியைச் சிறைப்பட்டோரின் குடியிருப்பிலே கண்டார்! யூத மறைஞான மரபின் தொடக்கக் கால ஞானிகள் இந்தத் தேரையே தியானப் பொருளாகக் கொண்டார்கள். ஏழு மண்டபங்கள், அவற்றின் வாயில்தோறும் காவலர்கள், ஒவ்வொரு வாயிலைக் கடக்கவும் முத்திரைகளும் துதிப்பாடல்களும் உண்டென்று அவர்களுடைய நூல்கள் விரித்துரைக்கின்றன. இந்தப் பயணத்தை மேற்கொண்டவர்களுக்கு அந்நூல்கள் பலவிடத்தும் தரும் பெயர் வியப்பானது. 'தேருக்கு இறங்குவோர்' என்பது அப்பெயர். ஏறுகிறவர்களை ஏன் இறங்குவோர் என்றார்கள் என்று அறிஞர்கள் இன்னும் ஆராய்கிறார்கள். தன்னுள்ளே ஆழ இறங்காதவன் மேலே ஏறமுடியாது என்று நாம் பொருள் கொண்டால் அது பெரும் பிழையாகாது.

ஏறுவதில் உள்ள ஆபத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. தல்மூத் என்னும் பெருநூலிலே நால்வர் கதை ஒன்று உண்டு. நான்கு ஞானிகள் தெய்விகச் சோலைக்குள் நுழைந்தார்கள். பென் அசாய் என்பவர் கண்டார், இறந்தார். பென் சோமா என்பவர் கண்டார், சித்தங் கலங்கினார். எலிசா பென் அபூயா என்பவர் சோலையின் இளஞ்செடிகளை வெட்டினார். அதாவது, நம்பிக்கையை விட்டுப் பிரிந்தார். நான்காமவரான அக்கிபா மாத்திரம் அமைதியோடு சென்று அமைதியோடு வெளியே வந்தார். கதையின் சிகரம் அவர் உட்சென்றது அன்று. முழுமனிதராக வெளியே வந்ததே சிகரம்.

யார் இந்த அக்கிபா? நாற்பது வயது வரையில் எழுத்தறியாத இடையர் என்று மரபு சொல்லுகிறது. நீர் சொட்டிச் சொட்டிக் கல்லிலே குழி விழுந்திருப்பதை ஒருநாள் கண்டாராம். மெல்லிய நீரே கல்லைக் குடையுமானால் கல்வி என் நெஞ்சைக் குடையாதா என்று எண்ணிப் பள்ளிக்கூடம் போனாராம். சிறு பிள்ளைகளோடு அமர்ந்து எழுத்துக் கற்ற அவரே, பின்னர் தம் காலத்தின் பேராசிரியரானார். உரோமரின் கையால் உயிர்துறந்த தியாகியுமானார்.

இனி, ஆன்மா படிப்படியாக வளரும் விதத்தைப் பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஸ்பெயின் நாட்டிலே 'சோகார்' என்ற நூல் வெளிப்பட்டது. ஒளி என்பது அதன் பொருள். அது 2ஆம் நூற்றாண்டு முனிவர் ஒருவருடையது என்று மரபினர் கொள்வர். மோசே தெ லெயோன் என்ற ஸ்பானிய யூத அறிஞரின் கைவண்ணம் அதிலே பெரிதும் உண்டென்று ஆராய்ச்சியாளர் கூறுவர். நம்முடைய மெய்கண்டார் சிவஞானபோதத்தை அருளியதும் அதே 13ஆம் நூற்றாண்டிலே என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மூலைகளிலே, ஏறக்குறைய ஒரே காலத்திலே, உயிரின் தன்மை ஆராயப்பட்டிருக்கிறது.

மனிதன் பிறக்கும்போது அவனுக்கு 'நெஃபெஷ்' என்னும் உயிர்நிலை கிடைக்கிறது. பசியும் தூக்கமும் அசைவும் அதனுடையவை. நல்லொழுக்கத்தினால் அவன் தகுதி பெற்றால் 'ரூவாக்' என்னும் உணர்வுநிலை அவனுக்கு அருளப்படுகிறது. அதற்கும் மேலே, இறைவனை அறியும் 'நெஷாமா' என்னும் ஞானநிலை உண்டு. இவற்றுக்கும் அப்பால் மேலும் இரு நிலைகளைப் பின்வந்தோர் வகுத்தனர். நம் சைவர்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படி அமைத்ததை இது நினைவூட்டும். ஆனால் ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். யூத ஞானிகள் கூறும் மேல்நிலை கீழ்நிலையைக் கழித்துவிட்டு வருவதன்று. விளக்கிலே சுடரைத் திரி தாங்குவதுபோலக் கீழ்நிலை மேல்நிலையைத் தாங்குகிறது. உடலும் உழைப்பும் ஏணியின் அடிப்படிகள். அடிப்படியை உடைத்தவன் உச்சியில் எப்படி நிற்பான்?

1492ஆம் ஆண்டிலே ஒரு பேரிடி விழுந்தது. ஸ்பெயினிலே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த யூதர்கள், மதம் மாறவேண்டும் அல்லது நாட்டை விட்டு நீங்கவேண்டும் என்று அரச கட்டளை பிறந்தது. வீட்டையும் கல்லறையையும் விட்டுச் சென்றவர்களுட் சிலருடைய சந்ததியார், பின்னாளில் கலிலேயா நாட்டு மலையூராகிய சஃபேத்திலே கூடினர். அங்கே 1570ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்தவர் ஈசாக் லூரியா. 1534இல் பிறந்த அவர் 1572இல், முப்பத்தெட்டே வயதில் மறைந்துவிட்டார். தாமே எழுதியது சிறிது. அவருடைய போதனையைச் சீடர் ஹயீம் விற்றால் முதலியோர் எழுதிவைத்தனர்.

லூரியாவின் போதனை இது. உலகைப் படைக்க இறைவன் முதலில் தன்னைச் சுருக்கி இடம் தந்தான். அவ்விடத்திலே பாய்ந்த ஒளியைத் தாங்கமாட்டாமல் கலங்கள் உடைந்தன. ஒளியின் பொறிகள் சிதறி, உலகத்துப் பொருள்களுக்குள்ளே, மிகத் தாழ்ந்த இடங்களிலுங்கூடச் சிறைப்பட்டன. அவற்றை மீட்டு மேலே சேர்ப்பதே மனிதனுடைய தொழில். உண்ணும் உணவு, செய்யும் வேலை, கொடுக்கும் நியாயமான விலை, சொல்லும் மெய், இவை யாவும் தூய எண்ணத்தோடு நடந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பொறி விடுதலையாகும். இந்தச் சீர்திருத்தத்துக்குத் 'திக்கூன்' என்று பெயர். அப்படியானால் மக்கள் நாடுநாடாகச் சிதறியது எதற்காக? சிதறிய பொறிகளைப் பொறுக்கி எடுப்பதற்காக! இறைவனின் அருட்பிரசன்னமாகிய 'ஷெக்கினா'வும் மக்களோடு கூடவே நாடுகடந்து அலைகிறாள் என்றும் அவர்கள் சொன்னார்கள். அந்தப் பிரசன்னத்தைப் பெண்ணாகவே உருவகித்தார்கள். துரத்தப்பட்ட ஒரு சமுதாயம், துரத்தப்பட்டோம் என்ற அவமானத்தை, அனுப்பப்பட்டோம் என்ற பொறுப்பாக மாற்றிக்கொண்டது.

மறுபிறவியையும் லூரியா விரிவாகப் போதித்தார். அதனைக் 'கில்குல்' என்பர். சுழற்சி என்பது பொருள். யூத அறிஞர் எல்லோரும் இதை ஏற்றாரல்லர். 10ஆம் நூற்றாண்டுத் தத்துவஞானி சாதியா இதனை வன்மையாக மறுத்தார். ஏற்றவர்களோ மறுபிறவியைத் தண்டனையாக மட்டும் கொள்ளவில்லை. செய்யாது விட்ட கடமையைச் செய்து முடிக்கவும் ஓர் உயிர் திரும்பி வரும். அன்றியும், நல்லோர் ஒருவரின் உயிர், வாழ்ந்துகொண்டிருக்கும் இன்னொருவரோடு சிலகாலம் சேர்ந்து, அவருக்குத் துணைநின்று மீளும் என்றும் கூறினர்.

இங்கேதான், நேயர்களே, நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். பிறவிக் கொள்கை நமக்குப் புதிதன்று. புல்லாய்ப் பூண்டாய்ப் பிறந்து உயிர் உயர்ந்துவருகிறது என்ற எண்ணத்தோடு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கொள்கை ஏணியாகவும் பயன்படும், விலங்காகவும் பயன்படும். லயத்திலே பிறந்தது உன் பழைய வினை, கூடை சுமப்பது உன் தலையெழுத்து என்று ஒருவன் மற்றொருவனுக்குச் சொன்னால், அது ஞானம் அன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இம்மலைகளின் மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அவர்களை 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு என்று தொகையாகப் பிரித்தது. நாடற்றோராய் இங்கே எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. இது எந்தப் பிறவியின் வினை? மனிதர் கூடி எழுதிய சட்டம். மனிதர் கூடித் திருத்திய சட்டம்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில், மலை சரிந்து லயங்களை மூடியது. அன்று உறவினரை இழந்து நின்றவரிடம் போய், இது முன்வினை என்று சொல்ல யாருக்கு நா எழும்? துன்பப்படுகிறவன் தன் துன்பத்துக்குத் தானே ஒரு பொருள் கண்டுகொண்டால் அது அவனுடைய வலிமை. துன்பத்துக்குக் காரணமானவனோ, வெறுமனே பார்த்து நிற்பவனோ அதற்குப் பொருள் சொன்னால் அது கொடுமை. லூரியாவின் போதனை முதல்வகையைச் சேர்ந்தது. கலம் உடைந்துவிட்டது என்று அது ஒப்புக்கொள்கிறது. உடைந்ததைச் சரி என்று சொல்லவில்லை. பழுதுபார்க்க வா என்று அழைக்கிறது.

இந்த ஞானத்தைக் காண நாம் சஃபேத் வரையில் போகவேண்டியதுமில்லை. காமன் கூத்து, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு மலையக மக்கள் பேணிவரும் கூத்துக்களுள் அர்ச்சுனன் தபசும் ஒன்று. நாட்டை இழந்து காட்டிலே வாழும் பாண்டவர்களுக்காக, பாசுபதம் வேண்டித் தவஞ்செய்யப் போகிறான் அர்ச்சுனன். உயர்ந்த தபசு மரத்திலே பாட்டுப் பாடிப் பாடிப் படியேறுகிறான். ஏழு மண்டபங்களையும் துதிபாடிக் கடந்த அந்த யூத ஞானிகளை இவன் நினைவூட்டவில்லையா? தமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் விழாக்களிலே, மரத்தின் உச்சியை அடைந்த அர்ச்சுனன் எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறும் கீழே வீசுவான்; பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். உச்சிக்குப் போனவனின் கை கீழே உள்ளவர்களை நோக்கி விரிகிறது! பாசுபதம் பெற்றவன் தேவலோகத்திலே தங்கிவிடவும் இல்லை. இந்திரன் அரண்மனையில் இருந்தும், காட்டிலே காத்திருக்கும் சகோதரரிடம் திரும்பி வருகிறான். மண்ணிழந்த மக்கள் இந்தக் கதையைத் தம்மோடு கொண்டுவந்தது தற்செயலாக இராது.

யூத மரபிலும் இதற்கு ஒப்பான ஒரு வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டிலே, கிழக்கு ஐரோப்பாவின் ஏழை யூதர்களிடையே, பால் ஷெம் தோவ் என்று போற்றப்பட்ட ஞானி தோன்றினார். பாமரனின் பிரார்த்தனையும் அன்றாட வேலையும் இறைவனை எட்டும் என்று போதித்தவர். உயர்வதற்காகவே தாழ்வு நேர்கிறது, கீழே கிடப்பவரை உயர்த்த ஞானி இறங்கவேண்டும் என்பது அவர் வழிவந்தோரின் கொள்கை. 1746ஆம் ஆண்டின் யூதப் புத்தாண்டு நாளிலே தம் ஆன்மா மேலுலகுக்கு ஏறியதைப் பற்றி அவர் தம் மைத்துனருக்குக் கடிதம் எழுதினார். அங்கே மெசியாவைச் சந்தித்து, ஐயனே, எப்பொழுது வருவீர் என்று கேட்டாராம். உன் போதனை எங்கும் பரவி, உன்னைப்போலவே மற்றவர்களும் ஏறக் கற்றுக்கொள்ளும்பொழுது என்று விடை கிடைத்ததாம். அதைக் கேட்டு, அவ்வளவு காலம் ஆகுமே என்று அவர் வருந்தினார். ஒருவன் ஏறியது போதாது; ஏணியை எல்லோருக்கும் காட்டவேண்டும்.

நேயர்களே, இன்று தோட்டத்துப் பிள்ளைகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் பலர் விளங்குகிறார்கள். இது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், படித்து உயர்ந்தவன் தான் பிறந்த லயத்தின் பெயரைச் சொல்லக் கூசுகிறான் என்றால், அவன் ஏறியது ஏற்றமா, வெறும் ஓட்டமா? சமய வாழ்விலும் அப்படியே. கண்மூடித் தியானித்துப் பெற்ற அமைதி, கண் திறந்ததும் அயலவன் பசியைக் காணாவிட்டால், அது சோலைக்குள் புகுந்து சித்தங் கலங்கியவரின் நிலையே அன்றி அக்கிபாவின் நிலை ஆகாது.

நமுனுகுல மலைச்சாரலிலும் பசறைப் பக்கத்திலும் நாள்தோறும் நடக்கும் ஒரு காரியத்தை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையிலே நம் தாய்மார் வெறுங்கூடையோடு மலையேறுகிறார்கள். மாலையிலே நிறைந்த கூடையோடு இறங்கி வருகிறார்கள். நிறுவைக்கு வருவது அவர்கள் எவ்வளவு உயரம் ஏறினார்கள் என்பதன்று. இறங்கும்போது என்ன கொண்டுவந்தார்கள் என்பதே.

யாக்கோபின் ஏணியிலும் அதே நிறுவைதான் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.